காயத்திற்கான ஆட்டநிறுத்தம் (சிறார் கால்பந்து)

காயத்திற்கான ஆட்டநிறுத்தம் என்பது, ஆட்டக்காரர் கடுமையாகக் காயமுற்றால் நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்துவதைக் குறிக்கும். இந்த அதிகாரம் கால்பந்தின் 5-ஆம் விதியில் உள்ளது. லேசான காயமென்றால் பந்து வெளியேறும்வரை ஆட்டம் தொடரும். எது கடுமையானது என்பதை நடுவரே தீர்மானிக்கிறார். சிறார் ஆட்டங்களில் மைதான அளவு, ஆட்டநேரம், மாற்று ஆட்டக்காரர் ஏற்பாடு ஆகியவற்றைத் தளர்த்தலாம். ஆனால் ஆட்டத்தை நிறுத்தும் நடுவரின் கடமை தளர்வதில்லை.

தலையில் அடி, நினைவிழப்பு, மூச்சுத்திணறல், எலும்பு முறிவு ஐயம் ஆகியவற்றில் பந்து யாரிடம் இருந்தாலும் விசில் ஊதவேண்டும். எவரும் மோதாமலே ஒருவர் சரிந்து விழுந்தால், அதை இதயநிறுத்தமாகவே கருதிச் செயல்படுவது பாதுகாப்பு. சிறுவர்கள் பலருக்கு வலியைச் சரியாகச் சொல்லத் தெரியாது. சந்தேகம் எழுந்தாலே நிறுத்துவதுதான் சரி.

காயமுற்றவர் பொதுவாக மைதானத்திற்கு வெளியே சிகிச்சை பெற்று, ஆட்டம் தொடங்கியபின் நடுவர் அனுமதியுடன் திரும்பலாம். கோல்கீப்பர் காயம், கடுங்காயம் முதலியவை விதிவிலக்கு. இரத்தம் கசிந்தால் வெளியேறியாக வேண்டும். விதிமீறல் இன்றி, பந்து ஆட்டத்தில் இருக்கும்போது நிறுத்திய ஆட்டம் 'டிராப் பால்' (நடுவர் பந்தைக் கீழே விட்டு ஆட்டத்தைத் தொடங்கும் முறை) மூலம் மீளத் தொடங்கும். இழந்த நேரம் 7-ஆம் விதிப்படி சேர்க்கப்படும்.

மைதானக் காயம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் 2004 டிசம்பர் 5 அன்று நடந்த பெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில், டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல்கீப்பருடன் மோதி உயிரிழந்தார். மைதான மருத்துவ ஏற்பாடு குறித்து இந்தியாவில் பெரும் விவாதத்தை எழுப்பிய நிகழ்வு இது.