ஒரே நிலா... ஒரு வீட்டுல விருந்து, பக்கத்து வீட்டுல விரதம்! - செப்டம்பர், அக்டோபர் பண்டிகை கைடு

2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல எனக்கு ஒரு ஸ்டிக்கர் வந்துச்சு. துர்கை படம், கீழே 'ஹேப்பி மஹாளயா'. அழகா இருக்கேன்னு அப்படியே டிசைன் டீம்ல இருக்குற அண்ணன் ஒருத்தருக்கு ஃபார்வர்டு பண்ணிட்டேன். அரை மணி நேரம் கழிச்சு ரிப்ளை வந்துச்சு. "மயிலாப்பூர் குளத்துக்கிட்ட நிக்கிறேன் தம்பி. அப்பாவுக்குத் தர்ப்பணம்." அவ்வளவுதான். அவரோட அப்பா இறந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ரிப்ளைக்கு என்ன பதில் போடுறதுன்னு தெரியாம போனைக் கவுத்து வெச்சது இன்னும் ஞாபகம் இருக்கு.

தப்பு ஸ்டிக்கர் மேல இல்லை. வங்காளத்துல மஹாளய அமாவாசை கொண்டாட்டத்தோட வாசல். துர்கா பூஜை நெருங்கிடுச்சுன்னு சொல்ற நாள். விடியக்காலை 4 மணிக்கு ஆல் இந்தியா ரேடியோவுல 'மஹிஷாசுரமர்த்தினி' நிகழ்ச்சி கேட்குறதுக்காக வீடே எழுந்திருக்கும். 1931-ல ஆரம்பிச்ச பழக்கம் அது. அங்கே 'சுபோ மஹாளயா'ன்னு வாழ்த்துறவங்க நிறைய பேர். வாழ்த்தலாமா, கூடாதாங்கிற சண்டையும் அங்கேயே வருஷா வருஷம் நடக்குது, அது தனிக்கதை. தெலங்கானாவுல அதே நாள்லதான் பூக்களை அடுக்கி பதுக்கம்மா ஆரம்பிக்கும். நமக்கோ அது ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துல எள்ளும் தண்ணியும் இறைக்கிற நாள். ஒரே அமாவாசை. ஊருக்கு ஊர் அதோட மனநிலை வேற.

செப்டம்பர், அக்டோபர் மாசங்கள்ல இந்த மாதிரி மாட்டிக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஏன்னா, வருஷத்துல இவ்வளவு மதங்களோட முக்கிய நாள்கள் இவ்வளவு நெருக்கமா வர்ற சீசன் வேற இல்லைன்னே சொல்லலாம்.

நாலு விதமான காலண்டர்

முதல்ல தேதி ஏன் ஓடிக்கிட்டே இருக்குன்னு பார்த்துடுவோம். இது புரிஞ்சா பாதி குழப்பம் தீர்ந்துடும்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் குழப்பமே இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவோட பிறந்தநாள் திருவிழா. எல்லா வருஷமும் அதே தேதி. டிக்கெட் புக் பண்றவங்களுக்கு இதைவிட வசதி வேற இல்லை.

புரட்டாசி, சூரியனை வெச்சு வர்றது. சூரியன் கன்னி ராசிக்குள்ள நுழையுற நாள்தான் புரட்டாசி 1. அதனால செப்டம்பர் 17-ஐ ஒட்டியே வரும், ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம்.

இஸ்லாமிய காலண்டர் முழுக்க முழுக்க நிலாவை நம்பி இருக்கு. 12 பிறை மாசம் சேர்ந்தா 354 அல்லது 355 நாள்தான். நம்ம வருஷத்தோட ஒப்பிட்டா சுமார் 11 நாள் கம்மி. அந்தக் கணக்குலதான் மீலாது நபி வருஷா வருஷம் முன்னாடி முன்னாடி நகர்ந்துக்கிட்டே போகுது. 2016-ல டிசம்பர்ல வந்தது, 2025-ல செப்டம்பர் 5-க்கு வந்துடுச்சு. அன்னிக்கே திருவோணம். போதாததுக்கு ஆசிரியர் தினமும். இதுக்கு முந்தின சுற்றுல மீலாது செப்டம்பர்ல வந்த காலம்னு தேடினா 1992-க்குப் பக்கம் போகணும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 33 வருஷம் ஆகுது.

நாலாவது வகைதான் சுவாரஸ்யம். மாசத்தை நிலாவும், வருஷத்தைச் சூரியனும் முடிவு பண்ற காலண்டர். நவராத்திரி, யூதப் பண்டிகைகள், சீனப் பண்டிகைகள் எல்லாம் இந்த வகை. இவங்களுக்கும் வருஷத்துக்கு 11 நாள் குறையும். ஆனா ரெண்டு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாசத்தைக் கூடுதலாச் செருகி, பண்டிகை அதே பருவத்துல வர்ற மாதிரி சரி பண்ணிடுவாங்க. யூத, சீன காலண்டர்கள்ல 19 வருஷத்துக்கு 7 மாசம் சேர்ப்பாங்க. நம்ம பஞ்சாங்கத்துல இதுக்குப் பேரு அதிக மாசம்.

பத்தாம் நாள்

இப்போ விஷயத்துக்கு வருவோம். மஹாளய அமாவாசைக்கு மறுநாள் நம்ம வீடுகள்ல கொலு ஆரம்பம். 2025-ல அது செப்டம்பர் 22. அதே நாள் சாயங்காலம், சூரியன் மறைஞ்சதும், யூதர்களுக்குப் புத்தாண்டு பிறந்துச்சு. அதுக்குப் பேர் ரோஷ் ஹஷானா. ஆட்டுக்கடா கொம்பை ஊதுவாங்க, ஆப்பிளைத் தேன்ல தொட்டுச் சாப்பிடுவாங்க. வருஷம் இனிப்பா இருக்கணுமாம். நம்ம யுகாதிப் பச்சடியில வேப்பம்பூ போடுறவங்களுக்கு இது கொஞ்சம் சுலபமான டீல் மாதிரி தெரியும்.

ரெண்டுமே அமாவாசை முடிஞ்சு பிறக்குற முதல் நாள்தான். அப்படின்னா பத்தாம் நாளும் ஒண்ணா வரணும்ல? வந்துச்சு. அக்டோபர் 2. நமக்கு விஜயதசமி. குழந்தைங்க நெல்லுலயோ அரிசியிலயோ 'அ' எழுதுற நாள். குலசேகரன்பட்டினத்துல, விரதம் இருந்து காளி, குறத்தி, குரங்கு, போலீஸ்னு வேஷம் கட்டி ஊர் ஊரா காணிக்கை வாங்கினவங்க எல்லாம் முத்தாரம்மன் சந்நிதிக்கு வந்து, நடுராத்திரி கடற்கரையில சூரசம்ஹாரம் பார்த்து முடிக்கிற நாள். கூட்டம், பறை, பொரி, ஆரவாரம்.

யூதர்களுக்கு அதே நாள் யோம் கிப்பூர். வருஷத்துலயே கனமான நாள். சுமார் 25 மணி நேரம் சாப்பாடு கிடையாது, தண்ணிகூட கிடையாது. தோல் செருப்பு போட மாட்டாங்க, நிறைய பேர் வெள்ளை டிரெஸ்தான் போடுவாங்க. செஞ்ச தப்புக்கெல்லாம் மன்னிப்பு கேட்குற நாள். அதுல ஒரு நிபந்தனை உண்டு. கடவுளுக்குச் செஞ்ச தப்பைத்தான் கடவுள் மன்னிப்பார். மனுஷனுக்குச் செஞ்ச தப்புக்கு அந்த மனுஷன்கிட்டயே போய்க் கேட்டாகணும். அதனால அதுக்கு முந்தின நாள்கள்ல போன் போட்டு மன்னிப்பு கேட்குற பழக்கம் இருக்கு.

2024-லயும் இதே மாதிரிதான், விஜயதசமியும் யோம் கிப்பூரும் அக்டோபர் 12-ல வந்துச்சு. அந்த வருஷம் இன்னொருத்தரும் சேர்ந்துக்கிட்டாங்க. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்துல சீனர்கள் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கு எடுக்குற விழா அக்டோபர் 3 முதல் 11 வரை. ஒன்பது நாள், சைவச் சாப்பாடு, வெள்ளை உடை. மலேசியாவுல இருக்குற தமிழ்க் குடும்பத்துல கொலுச் சுண்டல் வேகும்போது, அதே தெருவுல இருக்குற சீனர் கடையில சைவம்னு காட்ட மஞ்சள் கொடி பறந்திருக்கும். 2025-ல அவங்க காலண்டர்ல ஒரு மாசம் கூடுதலாச் செருகினதால அந்த விழா அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப் போயிடுச்சு.

ஆயுத பூஜை லீவுக்கு கொச்சி டிரிப் போடுற பழக்கம் நம்ம பசங்களுக்கு உண்டு. மட்டாஞ்சேரியில 1568-ல கட்டின பரதேசி யூதக் கோயில் லிஸ்ட்ல இருந்தா, ஒண்ணு கவனிங்க. சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்கள்லயும் பார்வையாளர்களை விட மாட்டாங்க. நம்ம பூஜா லீவும் அவங்க பண்டிகைகளும் மோதுற வருஷம்னா பூட்டின கதவைத்தான் செல்ஃபி எடுக்கணும். இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்கள்ல பெரும்பாலானவங்க அங்கே குடிபோயிட்டாங்க. தெருப் பேர் மட்டும் யூதத் தெருவாவே இருக்கு.

முழு நிலா

அமாவாசையில இருந்து பதினஞ்சாவது நாளுக்குப் போனா இன்னும் கூட்டம். 2025 அக்டோபர் 6-ஐ மட்டும் எடுத்துக்கோங்க. சீனாவுலயும் சிங்கப்பூர்லயும் நடு இலையுதிர்கால விழா. லாந்தர் விளக்கு, மூன்கேக். கொரியாவுல சூசொக். கே-டிராமா பார்க்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எல்லாரும் சொந்த ஊருக்குப் போய் முன்னோர் கல்லறையைச் சுத்தம் பண்ணிப் படையல் வைப்பாங்க. இலங்கையில வப் பௌர்ணமி போயா, அரசு விடுமுறை. பௌத்தத் துறவிகள் மழைக்காலம் முழுக்க ஒரே இடத்துல தங்கியிருந்த தவம் முடியுற நேரம் அது. அன்னிக்குச் சூரியன் மறைஞ்சதும் யூதர்கள் சுக்கோத் பந்தலுக்குள்ள போய் உட்கார்ந்துட்டாங்க. கிளையும் ஓலையும் போட்ட தற்காலிகக் கூரை, இடுக்கு வழியா நட்சத்திரம் தெரியணும்ங்கிறது மரபு. ஒரு வாரம் சாப்பாடெல்லாம் அதுக்குள்ளதான்.

முன்னோரை நினைக்கிறதும் நம்ம தனிச்சொத்து இல்லை. கம்போடியாவுல ப்சும் பென்னு 15 நாள் விழா, நம்ம மஹாளய பட்சத்தை ஒட்டியே வரும். இறந்தவங்களுக்காகச் சோத்து உருண்டை பிடிச்சு வைப்பாங்க. பிண்டம்னு சொன்னா அவங்களுக்கும் புரியும்னு நினைக்கிறேன்.

எப்போ வாழ்த்தலாம், எப்போ அமைதி?

இதுதான் எனக்குத் தேவைப்பட்ட பகுதி. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

மஹாளய அமாவாசைக்கு 'ஹேப்பி' வேண்டாம். அன்னிக்கு ஒருத்தர் லேட்டா வந்தா, போன் எடுக்கலைன்னா, ஏன்னு கேட்காம இருந்தாலே போதும். யோம் கிப்பூருக்கும் அதே. 'விரதம் சுலபமா அமையட்டும்'னு சொல்றது அங்கே வழக்கம். ரோஷ் ஹஷானாவுக்குத் தாராளமா 'ஷனா தோவா', நல்ல வருஷமா அமையட்டும்னு அர்த்தம். இந்த நாள்கள் முந்தின சாயங்காலமே ஆரம்பிச்சுடும். வெளிநாட்டு டீமோட வேலை பார்க்குறவங்க மீட்டிங் போடும்போது இதைப் பார்த்துக்கணும். காலண்டர்ல அக்டோபர் 2-ன்னு இருந்தா, அக்டோபர் 1 மதியத்துக்கு மேல அவங்க இருக்க மாட்டாங்க.

மீலாது நபி விஷயத்துல வீட்டுக்கு வீடு வித்தியாசம் உண்டு. நம்ம ஊர்ல பல பள்ளிவாசல்கள்ல, வீடுகள்ல மவ்லிது ஓதி நேர்ச்சைச் சோறு கொடுப்பாங்க. இன்னொரு பக்கம், பிறந்தநாள் கொண்டாடுறது நம்ம மார்க்கத்துல இல்லைன்னு சொல்ற முஸ்லிம்களும் இருக்காங்க. ஃப்ரெண்டுகிட்ட "உங்க வீட்டுல எப்படி?"ன்னு கேட்டுடுங்க. யாரும் கோவிச்சுக்கிட்டதாப் பார்த்ததில்லை.

சௌகார்பேட்டைப் பக்கம் ஜெயின் ஃப்ரெண்ட்ஸ் இருக்குறவங்களுக்கு, விநாயகர் சதுர்த்தியை ஒட்டி 'மிச்சாமி துக்கடம்'னு மெசேஜ் வரும். தெரிஞ்சோ தெரியாமலோ காயப்படுத்தியிருந்தா மன்னிச்சுடுங்கன்னு அர்த்தம். ஸ்வேதாம்பர ஜெயின்களோட பர்யூஷண் எட்டு நாள் முடியுறப்போ சொல்றது. "எதுக்குப்பா ஸாரி?"ன்னு கேட்காதீங்க, நான் கேட்டிருக்கேன். அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னா போதும். அந்த நாள்கள்ல ட்ரீட்டுக்குக் கூப்பிடுறதும் கஷ்டம். வெங்காயம், பூண்டு, கிழங்கு எப்பவுமே கிடையாது. பர்யூஷண்ல பச்சைக் காய்கறியைக்கூடத் தவிர்ப்பாங்க. சூரியன் மறைஞ்சா சாப்பாடே இல்லை.

சாப்பாடுன்னதும் புரட்டாசி. ஆபீஸ் பர்த்டே கேக்கை இந்த ஒரு மாசம் மட்டும் முட்டை இல்லாததா வாங்கிட்டா, பாதி டீம் ஓரமா நின்னு கை மட்டும் தட்ட வேண்டியது இல்லை. எல்லா இந்துக் குடும்பமும் புரட்டாசி இருக்காங்கன்னும் நினைச்சுக்காதீங்க. சனிக்கிழமை மட்டும் இருக்குறவங்க உண்டு, சுத்தமா இல்லாதவங்களும் உண்டு. "என்ன, புரட்டாசியில பிரியாணியா?"ன்னு அடுத்தவன் டிபன் பாக்ஸை எட்டிப் பார்க்குறதுதான் இதுல ரொம்பக் கடுப்பான விஷயம்.

நோன்பு கேரளக் கிறிஸ்தவர்கள்கிட்டயும் இருக்கு. செப்டம்பர் 1 முதல் 8 வரை எட்டு நோன்பு, மணற்காடு தேவாலயத்துல பெரிய விசேஷம். அதே வாரத்துல ஈ.சி.ஆர்ல பைக்ல போனா, காவி உடையில சாரை சாரையா வேளாங்கண்ணிக்கு நடக்குறவங்களைப் பார்க்கலாம். சென்னையில இருந்து 300 கிலோமீட்டருக்கு மேல. ராத்திரியிலயும் நடப்பாங்க. ஹாரன் அடிச்சு ஒதுக்காம, ஹெட்லைட்டை டிம் பண்ணிட்டுப் போறதுதான் அவங்களுக்கு நாம சொல்ற நல்ல வாழ்த்து. மோர், தண்ணி கொடுக்குற பந்தல்கள்ல எல்லா மதத்துக்காரங்களும் நிப்பாங்க. ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

2026-ல எப்படி?

இந்தத் தடவை ஜோடி பிரியுது. நம்ம பஞ்சாங்கத்துல அதிக மாசம் மே, ஜூன்லயே வந்துடுது. யூதர்கள் தங்களோட கூடுதல் மாசத்தை 2027-லதான் சேர்க்குறாங்க. அதனால ரோஷ் ஹஷானா செப்டம்பர் 11 சாயங்காலமே ஆரம்பம், யோம் கிப்பூர் செப்டம்பர் 20 சாயங்காலம். விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 14. நடு இலையுதிர்கால விழாவும் சுக்கோத் முதல் ராத்திரியும் மட்டும் செப்டம்பர் 25-ல ஒண்ணாவே இருக்கு. மீலாது நபி ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குப் போகுது, பிறை பார்த்து அறிவிப்பாங்க. திருவோணமும் அதே வாரம்தான், ஆகஸ்ட் 26. நவராத்திரி அக்டோபர் 11.

அதுக்கு முந்தின நாள், அக்டோபர் 10, சனிக்கிழமை, மஹாளய அமாவாசை. என் போன்ல ரிமைண்டர் போட்டாச்சு. அண்ணனோட ஷிஃப்ட்டை அன்னிக்கு நான் பார்த்துக்குறேன்னு இப்பவே சொல்லி வெச்சிருக்கேன்.