ஆற்றிலே போட்டாலும்

நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. தர்ம காரியம் ஒன்றை நடத்துகிறவரிடம் யாராவது வரவு செலவுக் கணக்கைக் கேட்டுவிட்டால் போதும், "என்மேல் சந்தேகமா?" என்று அவருக்கு முகம் சிவந்துவிடும். கேட்டவரும், கேட்கத் தகாத எதையோ கேட்டுவிட்டவர் போலத் தலையைக் குனிந்துகொள்வார். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று சொல்லிவைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம். ஆனாலும் அளப்பதற்குக் கூசுகிறோம்.

கணக்குக் கேட்பது அவமதிப்பாகுமா? இந்தக் கேள்வி இங்கிலாந்தில் ஒரு சமயம் நீதிமன்றம் வரை போயிற்று. அதை வைத்துக்கொண்டு ஒருவர் நாவலும் எழுதினார். வழக்கு ஒரு உண்மையைச் சொல்கிறது. நாவல் இன்னொரு உண்மையைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வின்செஸ்டர் நகருக்குத் தெற்கே, இட்சென் என்ற சிறு நதியின் கரையிலே, செயின்ட் கிராஸ் என்ற தர்மசாலை இருக்கிறது. 1130-களில் அதை நிறுவியவர் பிஷப் ஹென்றி. ஸ்டீபன் மன்னனின் சகோதரர். தள்ளாத ஏழைக் கிழவர்கள் 13 பேருக்கு இருக்க இடமும், உண்ண உணவும், உடுக்க உடையும் கொடுக்கவேண்டும். அதோடு, தினந்தோறும் 100 ஏழைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடவேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. அதற்காக நிலபுலன்களை எழுதிவைத்தார். நம் ஊர்ச் சத்திரங்களுக்கு மானியம் விட்டார்களே, அதைப் போலத்தான்.

மானியம் விட்டவர் போய்விடுவார், மானியம் நிற்கும். வருமானம் பெருகும். "தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா?" என்று நம்மவர்கள் கேட்பார்களே, அது அங்கேயும் நடந்தது. 14-ஆம் நூற்றாண்டிலேயே, விக்கம் என்ற பிஷப், தர்மசாலையின் அதிபர்கள் வருமானத்தைத் தமதாக்கிக்கொண்டதை எதிர்த்துப் பல வருஷங்கள் வழக்காட வேண்டியிருந்தது. அவர் ஜெயித்தார். ஆனால் ஜெயித்தவரும் ஒருநாள் போய்விட்டார்.

1696-ல் ஒரு விசித்திரமான பத்திரம் தயாராயிற்று. ஸ்தாபனத்தின் பழைய சாசனங்கள் கிடைக்கவில்லை என்றும், வழக்கப்படி கொடுக்கவேண்டியதைக் கொடுத்தது போக மிச்சமெல்லாம் அதிபருக்கே சேரும் என்றும் அதிலே எழுதிவைத்தார்கள். அதிபரும் தர்மசாலைக் கிழவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பிஷப் அதை அங்கீகரித்தார். அந்தக் கிழவர்கள் கையெழுத்துப் போடாமல் வேறு என்ன செய்வார்கள்? சாப்பாடு போடுகிறவர் நீட்டிய காகிதம் அல்லவா!

1808-ல் பிரான்சிஸ் நார்த் என்ற பாதிரியார் அங்கே அதிபரானார். அவரை நியமித்தவர் வின்செஸ்டர் பிஷப். அந்த பிஷப் வேறு யாருமில்லை, அவருடைய தகப்பனாரேதான். பிற்பாடு நார்த் கில்ட்போர்ட் பிரபுப் பட்டமும் பெற்றார். தர்மசாலையைத் தவிர வேறு தேவாலயங்களின் வருமானமும் அவருக்கு இருந்தது. நிலங்களைக் குறைந்த வாடகைக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகை எழுதும்போது பெருந்தொகை ஒன்றை முன்னதாக வாங்கிக்கொள்வார்கள். வாடகை ஸ்தாபனத்தின் கணக்குக்கு. முன்தொகை அதிபரின் பைக்கு. இப்படிச் செய்தால் புத்தகத்தில் ஸ்தாபனம் ஏழையாகவே தெரியும். இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை, எல்லாம் வழக்கம்! வழக்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ பேர் ஒண்டிக்கொள்ளலாம்.

1849-ல் விஷயம் பார்லிமெண்டுக்கு வந்தது. அட்டர்னி ஜெனரல் பெயரில் வழக்கும் தொடரப்பட்டது. 1853-ல் ஸர் ஜான் ராமில்லி தீர்ப்புச் சொன்னார். 1696-ஆம் வருஷப் பத்திரத்தை வெட்கம் கெட்ட பத்திரம் என்றே அவர் கண்டித்தார். பிரபு கணக்குச் சொல்லியாகவேண்டும் என்றார். ஆனால், வழக்குத் தொடர்ந்த நாளிலிருந்துதான். அதற்கு முந்தின 40 வருஷங்களுக்குக் கணக்கு இல்லை. 1855-ல் பிரபு பதவியை விட்டுவிட்டார். அந்த 40 வருஷங்களில் வாசலில் நின்று பசியோடு திரும்பியவர்களுக்கு எந்தத் தீர்ப்பு சோறு போடும்?

இது வழக்கின் கதை. அதே 1855-ல்தான் ஆண்டனி டிராலப்பின் "தி வார்டன்" வெளிவந்தது. தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர் டிராலப். ஸால்ஸ்பரி நகரத்துப் பெரிய கோயிலைச் சுற்றி ஒரு மாலை வேளையில் உலவியபோது அவருக்கு இந்தக் கதை உதித்ததாம். செயின்ட் கிராஸ் வழக்கு நாவலுக்குள்ளேயே குறிப்பிடப்படுகிறது.

வேறொருவர் எழுதியிருந்தால் பிரபுவைப் போன்ற ஒரு பேராசைக்காரரைக் கதாநாயகராக்கி, கடைசியில் சவுக்கடி கொடுத்திருப்பார். டிராலப் அப்படிச் செய்யவில்லை. அவருடைய தர்மகர்த்தா ஹார்டிங், பரம சாது. செல்லோ வாத்தியம் வாசிக்கிறவர். தர்மசாலையில் 12 கிழவர்கள். அவர்களுக்குத் தினப்படி ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ். போதாது என்று தம் கையிலிருந்து தலைக்கு இரண்டு பென்ஸ் கூட்டிக் கொடுக்கிறார். ஆனால் அவருக்கு வருஷத்துக்கு 800 பவுன் சம்பளம்! தர்மம் எழுதிவைத்தவர் இதையா நினைத்தார் என்று ஒருவன் கேட்கிறான். கேட்கிறவன் அவருடைய மகளைக் காதலிக்கும் இளைஞன். பத்திரிகை அவரைக் கொள்ளைக்காரராக்கி எழுதுகிறது. வக்கீலோ, வழக்கு நிற்காது, கவலை வேண்டாம் என்கிறார்.

ஹார்டிங்குக்கு வழக்கு நிற்குமா என்பது கவலையில்லை. இந்தப் பணம் எனக்கு நியாயமாக உரியதுதானா என்பதே கவலை. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காததால் பதவியைத் துறந்துவிடுகிறார். விளைவு? கிழவர்களுக்கு ஒரு காசு கூடவில்லை. கூடுதலாகக் கிடைத்துவந்த இரண்டு பென்ஸும் போயிற்று. ஒவ்வொருவராக இறக்கிறார்கள், காலியான இடங்கள் நிரப்பப்படவில்லை. தோட்டம் காடாகிறது.

ஆகவே கணக்கே கேட்டிருக்கக்கூடாது என்று முடிவுகட்டலாமா? சிலர் இந்த நாவலை அப்படித்தான் படிக்கிறார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. வருஷா வருஷம் கணக்கை நாலு பேர் முன்னால் விரித்து வைத்திருந்தால் 800 பவுன் என்ற தொகை அந்த அளவுக்கு வளர்ந்தே இராது; அந்த நல்ல மனிதரும் ஒருநாள் காலையில் பத்திரிகையில் தம் பெயரைக் கண்டு துடித்திருக்கமாட்டார். கேட்கவேண்டிய காலத்தில் கேட்காத கேள்வி வட்டியும் முதலுமாக வளர்கிறது. கடைசியில் கேட்கும்போது அது கேள்வியாக இருப்பதில்லை, யுத்தமாகிவிடுகிறது. யுத்தத்தில் முதலில் மிதிபடுகிறவர்கள் அந்த 12 கிழவர்கள்தான்.

கணக்கு, கெட்டவனைப் பிடிப்பதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல. நல்லவனைக் காப்பதற்கும் ஏற்பட்டது. பிரபுவின் விஷயத்தில் முதலாவது, ஹார்டிங்கின் விஷயத்தில் இரண்டாவது. 1853-ல், தீர்ப்பு வந்த அதே வருஷத்தில், தர்ம ஸ்தாபனங்களை மேற்பார்வை செய்ய இங்கிலாந்தில் சட்டம் இயற்றிக் கமிஷனர்களை நியமித்தார்கள். நல்லவர், கெட்டவர் என்று ஆளைப் பார்க்காமல் எல்லோரிடமும் கேட்பது என்று ஏற்பட்ட பிறகு, கேட்பதில் அவமதிப்பு ஏது?

செயின்ட் கிராஸ் தர்மசாலை இன்றும் இருக்கிறது. கிழவர்கள் இருக்கிறார்கள். வழிப்போக்கர் கேட்டால் ஒரு துண்டு ரொட்டியும் சிறு கோப்பையில் பீரும் கொடுக்கும் பழைய வழக்கமும் இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள் என்று சொல்கிறார்கள். கணக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.