நடந்து போகிறவன் எப்படி ‘சலிப்பானவன்’ ஆனான்?



கடந்த வாரம் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருவர், போட்டியொன்றுக்கு அனுப்பித் திரும்பி வந்த தனது ஆங்கிலக் கதையைக் காட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: ‘பெடஸ்ட்ரியன்’. அகராதியைப் பார்த்தால் முதற் கருத்து ‘பாதசாரி’.

“சேர், ரோட்டுல நடந்து போற ஆள் எண்டா என்னைச் சொல்லியிருக்காங்க?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

எழுத்தையோ பேச்சையோ அப்படிச் சொன்னால் ‘சலிப்பானது, கற்பனையில்லாதது’ என்று பொருள். ‘போரிங்’ என்பது நமக்கு ஏற்படும் அலுப்பைச் சொல்கிறது. இது அதைவிடக் குத்தலானது: பிழை இல்லை, ஆனால் உயரவும் இல்லை என்கிறது.

இந்தக் குத்தலுக்கு நீண்ட வரலாறு உண்டு. லத்தீனில் ‘பெஸ்’ என்றால் பாதம். பழைய ரோமில் வசதியுள்ளவன் குதிரையில் போருக்குப் போனான். சாதாரண விவசாயி காலாட்படையில் நடந்தான். ‘குதிரைவீரர்’ என்பதே அங்கு ஒரு செல்வந்த வகுப்பின் பெயராயிற்று. கிரேக்கர்கள் செய்யுள் அல்லாத உரைநடையை ‘நடந்து செல்லும் பேச்சு’ என்றார்கள். ரோமக் கவிஞர் ஹோரஸும் எளிய நடைக்கு இந்தப் பாதச் சொல்லையே பயன்படுத்தினார்.

ஆங்கிலத்துக்கு இச்சொல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தபோது, முதலில் வந்த பொருளே ‘சுவையற்ற எழுத்து’ என்பதுதான். ‘வீதியில் நடப்பவர்’ என்ற பொருள் அதே நூற்றாண்டில் பிந்தித்தான் சேர்ந்தது.

அதே வேரில் இன்னும் சில சொற்கள் உண்டு. சதுரங்கத்தில் முதலில் பலியாகும் சிப்பாயின் ஆங்கிலப் பெயர் ‘போன்’. போர்த்துக்கேயர் வழியாக நம் பக்கம் வந்த ‘பியோன்’, நாம் கந்தோர்களில் அலட்சியமாகக் கூப்பிடும் அதே சொல். ஆனால் ‘பயனியர்’, அதாவது முன்னோடி, அதுவும் இந்த வேர்தான்! படைக்கு முன்னே நடந்து பாதை வெட்டிய காலாள் அவன்.

தமிழைப் பாருங்கள். எழுத்தின் அழகையே நாம் ‘நடை’ என்கிறோம். ஒழுக்கத்தை ‘நடத்தை’ என்கிறோம். நடப்பதில் நம் மொழி இழிவைக் காணவில்லை.

அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: “மகள், கதையைத் திருத்தி எழுதுங்க. அவர் சொன்னதுல நியாயம் இருக்கலாம். ஆனா அந்தச் சொல்லுக்காக வெட்கப்படாதீங்க. அது குதிரையில இருந்தவன், கீழே நடந்தவனுக்கு வச்ச பேர்.”

நம் மூத்தவாப்பாமார் நடந்தே சந்தைக்கும் வயலுக்கும் போய்த்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள். நாளை ‘பியோன்’ என்று ஒருவரைக் கூப்பிட வாய் திறக்கும்போது, அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.