அந்த நகல் மட்டும் இல்லாவிட்டால்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் சூப்பரின்டென்ட் எந்தக் காகிதம் வந்தாலும், "ஒரு நகல் எடுத்து ஃபைலில் வை தம்பி" என்பார். எரிச்சலாக இருக்கும். லெத்தெலியெர் கொலை வழக்கைப் படித்த பிறகுதான் அவர் அருமை தெரிந்தது.

ஓர்லாந்தோ லெத்தெலியெர் என்ற பெயரை நூலகத்தில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் பார்த்தபோது பிரெஞ்சுக்காரர் என்றே நினைத்தேன். இல்லை, சிலி நாட்டுக்காரர். அதிபர் அயெந்தே அரசில் மந்திரி. 1973-இல் ஜெனரல் பினோசெ ஆட்சியைப் பிடித்ததும் சிறையில் போட்டார்கள். விடுதலையாகி அமெரிக்கா போனவர் அங்கிருந்தே பினோசெயை எதிர்த்துப் பேசினார், எழுதினார். 1976 செப்டம்பர் 21 காலை, வாஷிங்டனில் அவர் ஓட்டிச் சென்ற கார் வெடித்தது. உடன் வேலை பார்த்த ரோனி மோஃபிட் என்ற 25 வயதுப் பெண்ணும் இறந்தாள். பின் சீட்டில் இருந்த அவள் கணவர் மட்டும் பிழைத்தார்.

கொன்றது யார்? இங்கேதான் நம் நகல் வருகிறது. கொலைக்கு இரண்டு மாதம் முன்பு, சிலி உளவுத்துறை ஆட்கள் இருவர் பொய்ப் பெயரில் பராகுவே பாஸ்போர்ட் வாங்கி, அமெரிக்க விசாவும் பெற்றார்கள். அங்கிருந்த அமெரிக்கத் தூதர் லாண்டாவுக்கு ஏதோ சந்தேகம். பாஸ்போர்ட்டுகளை நகலெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார். விசா ரத்தானது. அவர்களில் ஒருவன் வேறு பெயரில் நுழைந்து குண்டு வைத்தான் என்பது வேறு கதை. ஆனால் படம் ஃபைலில் இருந்ததே! 1978 மார்ச்சில் அது பத்திரிகைகளில் வெளிவர, அவன் மைக்கேல் டவுன்லி என்று தெரிந்தது. அடுத்த மாதமே சிலி அவனை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது.

டவுன்லி அரசுத் தரப்பு சாட்சியானான். பத்து வருஷத் தண்டனை, உள்ளே இருந்தது ஐந்து சொச்சம். எனக்கு இது இன்றும் உறுத்தல்தான்.

ஏவிவிட்ட உளவுத்துறைத் தலைவர் கொன்த்ரேராசை அனுப்ப சிலி உச்ச நீதிமன்றம் மறுத்தது. லெத்தெலியெரின் அக்கா ஃபபியோலா ஒரு வக்கீல். அவர் விடவில்லை. ஜனநாயகம் திரும்பிய பின், 1993-இல் கொன்த்ரேராசுக்கு ஏழு வருஷம் தண்டனை. மேல்முறையீட்டிலும் அது உறுதியாக, 1995 அக்டோபரில்தான் சிறைக்குள் போனார். கொலை நடந்து 19 வருஷம்!

பினோசெ இந்த வழக்கில் கூண்டேறாமலே 2006-இல் இறந்தார். உத்தரவு அவருடையதே என்று அமெரிக்க உளவுத்துறை முன்பே எழுதி வைத்திருந்த காகிதங்கள் 2015-இல்தான் சிலியின் கைக்கு வந்தன. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கொன்த்ரேராசும் போய்ச் சேர்ந்திருந்தார்.