பரணிலிருந்து இறங்கும் பொம்மைகள்: வீட்டுக் கொலுவின் வரலாறு

புரட்டாசி மாதத்து மாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் நவராத்திரியில், வீட்டுக் கூடத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் படிகள் கட்டி, அவற்றின் மேல் வெள்ளை வேட்டி விரித்து, பொம்மைகளை வரிசை வரிசையாக அடுக்கி, மாலைதோறும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் குழந்தைகளையும் அழைத்து வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் சுண்டலும் கொடுக்கும் வழக்கம் பொம்மைக் கொலு எனப்படுகிறது. இதைத் தேவி வழிபாட்டின் ஓர் அங்கமாகவோ அரசவை விழா ஒன்றின் எச்சமாகவோ விளக்குவதே ஆய்வாளர் மரபு. அவ்விளக்கங்களில் பிழை ஏதுமில்லை; ஆனால் அரசவைகள் கலைந்து பல தலைமுறை கடந்த பின்னும் வீட்டுக் கொலு ஏன் நிலைத்தது என்பதற்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை. அவ்விடையைத் தேடுபவர் பரணில் கிடக்கும் மரப்பெட்டியையும், அது கீழே இறங்கிய நாள் முதல் வீட்டார் தம் கையால் செய்யத் தொடங்கும் சில்லறை வேலைகளையும் பார்க்க வேண்டியவராகிறார்.

அரசவைப் பின்புலம் நன்கு அறியப்பட்டதே. 1443ஆம் ஆண்டில் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும், கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்நகரைக் கண்ட போர்ச்சுகீசியரான டொமிங்கோ பாயஸும் அங்கு நடந்த மகாநவமி விழாவை விரிவாக எழுதி வைத்துள்ளனர். ஹம்பியில் இன்றும் நிற்கும் மகாநவமி மேடை அடுக்கடுக்காக உயர்வது. அதன் பக்கங்களில் யானைகள், குதிரைகள், வேட்டைக்காரர், நடனமாதர் ஆகியோர் புடைப்புச் சிற்பங்களாக வரிசை கட்டி நிற்பதைக் காண்பவருக்குக் கொலுப் படிகள் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் தோற்ற ஒப்புமையை மட்டும் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று முடிவு கட்டுவது அவசரம். விஜயநகரம் வீழ்ந்த பின் இவ்விழா அதன் கீழிருந்தவர்களின் கைக்கு வந்தது என்பது மட்டும் தெளிவு. மைசூர் உடையார்கள் 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இதைத் தொடங்கினர். தமிழ்நாட்டில் மதுரை நாயக்கர்களும், 17ஆம் நூற்றாண்டில் அவர்களிடமிருந்து அவ்வுரிமையைப் பெற்ற இராமநாதபுரத்துச் சேதுபதிகளும் நடத்தினர். 1892இல் பாஸ்கர சேதுபதி நடத்திய நவராத்திரி இராமநாதபுரம் கண்ட பெருவிழாக்களுள் ஒன்று. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் இத்தகைய விழாக்களைத் தாங்கிய வருவாய் மறைந்தது. 1912இல் கட்டி முடிக்கப்பட்ட மைசூர் அரண்மனையில் ‘கொம்பெ தொட்டி’ எனப்படும் பொம்மை மண்டபம் ஒன்று இன்றும் உள்ளது. அதைப் பார்க்க வருவோர் சுற்றுலாப் பயணிகள்.

வீட்டுக் கொலு அரண்மனைக் கொலுவின் குறுக்கம் அன்று என்பதை ஜப்பானிய வழக்கம் ஒன்றுடன் ஒப்பிட்டு அறியலாம். மார்ச் 3ஆம் நாள் அங்கு ஹினமட்சுரி என்ற பெயரில் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மைகள் வைக்கப்படுகின்றன. பேரரசர், பேரரசி, பணிப்பெண்கள், இசைக்கலைஞர் என ஒவ்வோர் உருவுக்கும் வரையறுத்த இடம் உண்டு. அங்கு அரசவை அரசவையாகவே நிற்கிறது. தமிழ் வீட்டுக் கொலுவிலோ மேற்படியில் கலசமும் தெய்வங்களும் இருந்தபோதிலும், கீழே இறங்க இறங்கக் காவல்காரர், குறவன் குறத்தி, கல்யாண ஊர்வலம், நாதசுர மேளம், கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் என வீட்டுக்கு வந்து சேர்ந்த எதற்கும் இடம் கிடைத்துவிடுகிறது. படிகள் ஓரறிவு உயிர் முதல் தெய்வநிலை வரையான வளர்ச்சியைக் குறிக்கின்றன என்னும் விளக்கம் இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது அழகிய விளக்கம்தான். ஆனால் பொம்மையின் உயரத்தையும் படியின் அகலத்தையும் பார்த்தே பெரும்பாலான வீடுகளில் இடம் ஒதுக்கப்படுகிறது என்பதால், அடுக்கி முடித்த பின் சொல்லப்பட்ட விளக்கமாகவே அதைக் கொள்ளத் தோன்றுகிறது.

கொலுப் பெட்டியிலுள்ள பொருள்களுள் உரிமை வரலாறு மிகத் தெளிவாகத் தெரிவது மரப்பாச்சி என்னும் மரப் பொம்மையில்தான். ஆணும் பெண்ணுமாக இணையாகச் செதுக்கப்படும் இப்பொம்மைகள் மணமாகிச் செல்லும் மகளுக்குத் தாய் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பப்படுபவை. அவள் தன் புகுந்த வீட்டில் கொலு வைக்கத் தொடங்குவது அவற்றைக் கொண்டுதான். நிலமும் வீடும் ஆண்வழியே சென்ற குடும்பங்களில், பெண்வழியே கைமாறிய சில பொருள்களுள் இதுவும் ஒன்று. மரப்பாச்சிக்கு உகந்ததாகக் கருதப்பட்ட மரம் ஆந்திரத்துச் சேஷாசல மலைப்பகுதியில் வளரும் செஞ்சந்தனம். திருப்பதிக்குச் சென்றவர்கள் அங்கிருந்து இவ்விணையை வாங்கி வருவது வழக்கமாயிருந்தது. அம்மரத்தைக் கல்லில் நீர் விட்டு இழைத்துக் குழந்தையின் உடம்பில் பற்றுப் போடுவதும் உண்டு. ஆகவே குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பினாலும் பெரியவர்கள் பதறுவதில்லை. செஞ்சந்தனம் 1995இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டதும், கடத்தலைத் தடுக்க வெட்டுதல் மீதான கண்காணிப்பு இறுகியதும் மரப்பாச்சி செய்வோரை வேறு மரங்களின் பக்கம் தள்ளின. இன்று கடைகளில் சிவப்புச் சாயமேற்றிய மரப்பாச்சிகள் நிறைய உள்ளன. இழைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

கடைந்தும் செதுக்கியும் முடித்த மரப்பாச்சி ஆடையின்றியே வீட்டுக்கு வரும். அதற்கு உடுத்துவது வீட்டாரின் வேலை. பழைய பட்டுப்புடவையின் சரிகைக் கரை, தையற்காரரிடம் மிஞ்சிய துண்டுத்துணி, அறுந்த மாலையின் மணிகள், வண்ணத்தாளில் வெட்டிய ஒட்டியாணம் எனக் கையில் கிடைத்ததைக் கொண்டு ஆண்டுதோறும் புதிய அலங்காரம் செய்யப்பட்டது. ஆணுக்குத் தலைப்பாகை கட்டுவதில்தான் சிரமம்; மழமழப்பான மரத்தலையில் துணி நிற்காமல் வழுக்கும் என்பதால், அரிசி மாவுப் பசையோ ஓரிரு நூற்சுற்றோ தேவைப்பட்டது. பெண்குழந்தைகள் ஊசி நூல் பிடிக்கக் கற்றுக்கொண்டது பல வீடுகளில் இவ்வேலையில்தான்.

மண் பொம்மைகளின் கதை வேறு. மதுரையில் திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரி, பண்ணுருட்டி, காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெரு, புதுச்சேரியின் கோசப்பாளையம் ஆகியவை இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற இடங்கள். கண்மாயிலிருந்து எடுத்த களிமண்ணைக் கல்லும் வேரும் நீக்கிப் பிசைந்து, முன்பாதி பின்பாதி என இரண்டாகப் பிளந்த அச்சில் விரலால் அழுத்திப் பதித்து, இரு பாதிகளையும் மண்குழம்பு தடவி ஒட்டுவர். பொம்மையின் உட்புறம் கூடாக இருக்கும். சூட்டில் காற்று விரிந்து வெடிக்காதிருக்க அடியில் துளை விடப்படும். ஈரத்துணியால் ஒட்டுவாயைத் தேய்த்து மறைத்து, முதலில் நிழலிலும் பின் வெயிலிலும் உலர்த்தி, சூளையில் சுட்டு, வெள்ளைப் பூச்சு கொடுத்த பிறகே வண்ணம் ஏறும். கண் எழுதுவது கடைசி வேலை; வீட்டின் மூத்த கைகளுக்கே அது பெரும்பாலும் விடப்படுகிறது. காகிதக்கூழும் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து செய்யும் பொம்மைகள் எடை குறைந்தவை, விழுந்தால் எளிதில் உடையாதவை. ஆனால் ஈரத்தையும் கரையானையும் தாங்காதவை. விளாச்சேரியில் விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் உழைக்கும் அதே கைகள் அடுத்துக் கிறிஸ்துமஸ் குடிலுக்கான மாதா, சூசையப்பர், ஆட்டிடையர் உருவங்களையும் செய்கின்றன. கொலு வைத்த குடும்பங்கள் பெரும்பாலும் கூடம் அகன்ற வீடும் ஒன்பது நாள் சுண்டலுக்கு வசதியும் உடையவையாக இருந்தன. அவற்றுக்குப் பொம்மை செய்து கொடுத்தவர்களுக்கோ அக்காலம் ஓய்வில்லாத வேலைக்காலம். இவ்வழக்கத்தின் இனிமையைப் பேசும் எழுத்துகள் இவ்வேறுபாட்டைக் கடந்து போய்விடுகின்றன.

மண் பொம்மைகளுள் தனித்துச் சொல்லத்தக்கது செட்டியார் பொம்மை. தொந்தியும் தலைப்பாகையுமாகச் சம்மணமிட்ட கடைக்காரரும் அருகே அவர் மனைவியும் கீழ்ப்படி ஒன்றில் அமர்ந்திருப்பர். அவர்கள் முன்னே விரலளவுக் கிண்ணங்களில் உண்மையான அரிசி, துவரம்பருப்பு, உப்பு, வெல்லம், மஞ்சள், மிளகு ஆகியவை நிரப்பப்படும். கொலுவில் மற்ற அனைத்தும் பார்வைக்கு உரியவை. இந்தக் கடையில் மட்டும் வீட்டுச் சமையலறைச் சரக்கு இருக்கும். பொழுது போகாத குழந்தையின் கை வெல்லக் கிண்ணத்தின் பக்கம் போவதும், மறுநாள் அது மீண்டும் நிரப்பப்படுவதும் எழுதப்படாத விதி.

ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மையேனும் வாங்க வேண்டும் என்னும் நியதி, கொலுவை அந்தந்தக் காலத்துக் கடைத்தெருவோடு பிணைத்தது. இரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் வண்ணப்படங்கள் பரவிய பின், தாமரை மேல் நிற்கும் இலக்குமியும் வீணையேந்திய சரசுவதியும் அப்படங்களின் சாயலிலேயே மண்ணில் வார்க்கப்பட்டனர். ஜப்பானியச் செல்லுலாயிட் பொம்மைகளும் சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கார்களும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் படியேறின. காந்தியும் நேருவும் தெய்வங்களுக்கு ஒரு படி கீழே இடம் பிடித்தனர். ஏதேனும் ஒரு பழைய கொலுவைக் கீழிருந்து மேலாக நோக்கினால், அக்குடும்பம் எந்த ஊர்களில் வேலை பார்த்தது என்பதைக்கூட ஓரளவு ஊகிக்கலாம்: கொண்டபள்ளியின் எடை குறைந்த மரப்பொம்மை, சன்னபட்டணத்தின் அரக்குக் கடைசல், தஞ்சாவூர்த் தலையாட்டி என ஒவ்வொன்றும் ஓர் இடமாற்றல் உத்தரவின் தடயம்.

வாங்கிய பொருள்களைவிட வீட்டில் செய்த வேலைகளே நாள்களை நிரப்பின. ஆயத்தப் படிகள் வருவதற்கு முன், ட்ரங்குப் பெட்டிகள், பெஞ்சுகள், மண்ணெண்ணெய் டின்கள், கதவுப் பலகைகள் ஆகியவற்றை உயர வரிசையில் அடுக்கி, ஆட்டம் காணும் காலின் கீழ்த் தடித்த புத்தகம் ஒன்றைச் செருகி, மேலே வேட்டி விரித்தால் படி தயார். படிகளுக்கு முன்னால் தரையில் குழந்தைகள் அமைக்கும் ‘பார்க்’ தனி உலகம். தாம்பாளத்திலோ மணற்பரப்பிலோ கடுகு, வெந்தயம், கேழ்வரகு ஆகியவற்றைச் சில நாள் முன்னரே தூவி நீர் தெளித்து வந்தால், விழா தொடங்கும்போது வயலும் புல்வெளியும் விரலுயரம் எழுந்து நிற்கும். ஓரங்களை மணலால் மறைத்த முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும், கரிச்சிட்டங்களை அடுக்கிய குவியல் மலையாகும், தீப்பெட்டிகள் வீடுகளாகும். ஏழெட்டு நாளில் கடுகு வெளிறிச் சாயும். அதைக் கத்தரித்து நிமிர்த்துவதா, புதிதாக விதைப்பதா என்பது குழந்தைகளிடையே தீராத வாதம்.

மின்சாரம் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்ததும் இவ்வேலைகளில் விளக்கும் சேர்ந்தது. ஆர். கே. நாராயண் 1938இல் வெளியிட்ட ‘தி டார்க் ரூம்’ நாவலில், கொலுவுக்கு மின்விளக்கு போட முயலும் சிறுவனால் வீடு முழுவதும் இருளில் மூழ்குகிறது. தந்தை அவனை அடிக்கிறார். தாய் சாவித்திரி இருட்டறைக்குள் போய் ஒடுங்கிக்கொள்கிறாள். பெண்ணின் ஆளுகைக்குட்பட்டது என்று கருதப்பட்ட கொலுவிலும் இறுதிச் சொல் யாருடையது என்பதை அப்பகுதி கூர்மையாகக் காட்டுகிறது. கொலு நாள்களைக் கலப்பற்ற மகிழ்ச்சியின் காலமாக மட்டும் எழுதுபவர்கள் அந்நாவலைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையையேனும் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் அனைத்தையும் பெட்டிக்குள் அடுக்குவர். பழைய வேட்டிக் கிழிசலும் வைக்கோலும் செய்தித்தாளும் சுற்றிய பொம்மைகளுக்கிடையே அந்துருண்டை போடப்படும். அடுத்த புரட்டாசியில் பிரிக்கும்போது, பொம்மையைவிட அதைச் சுற்றியிருந்த தாளில் உள்ள பழைய செய்தியை வாசிப்பதிலேயே பாதி நேரம் கழிவதும் உண்டு. முறிந்த கையை அரக்கு வைத்து ஒட்டுவது பழைய முறை. பின்னாளில் ஃபெவிகாலும் எம்-சீலும் அவ்விடத்தைப் பிடித்தன. ஒட்டு தெரியும் பொம்மை தூக்கி எறியப்படுவதில்லை. உயரமான ஒன்றின் பின்னால், நல்ல பக்கம் தெரியுமாறு திருப்பி வைக்கப்படுகிறது.

1973இல் தொடங்கப்பட்டு ‘பூம்புகார்’ என்னும் பெயரில் கடைகள் நடத்தும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சிகளும், மயிலாப்பூர் மாட வீதிகளின் நடைபாதைக் கடைகளும் இன்று ஒரே மாலையில் முழுக் கொலுவை வாங்கும் வசதியைத் தருகின்றன. துளையிட்ட இரும்புச் சட்டங்களைத் திருகாணியால் பூட்டும் படிகள் ட்ரங்குப் பெட்டிகளை விலக்கிவிட்டன. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மைகள் மலிவாகவும் வழுவழுப்பாகவும் கிடைக்கின்றன. அடுக்குமாடி வீடுகளில் ஒன்பது படி மூன்றாகச் சுருங்கியதால், தாயின் பெட்டி மகள்களுக்கும் மருமகள்களுக்கும் பங்கிடப்படுகிறது. ஒற்றைப் பொம்மைகளைப் பிரிப்பதில் சிக்கல் இல்லை; பத்து உருவங்கள் கொண்ட தசாவதாரத் தொகுதியில் ஒன்று உடைந்தாலோ பிரிந்து போனாலோதான் தொல்லை. மண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும் அளவு ஒவ்வொரு மண்ணுக்கும் மாறுவதால், வேறோர் ஊரில் புதிதாக வாங்கிய வாமனர் பழைய ஒன்பது பேரோடு உயரத்தில் ஒத்துப்போவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட, வேட்டிக்கு அடியில் அவர் நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு பலகைத் துண்டைச் செருகிவிடுகிறார்கள்.