சுரப்பியொன்றின் வரலாற்றில் நாயின் பங்கு

வயது முதிர்ந்த ஆண்மகனுக்கும் வயது முதிர்ந்த ஆண்நாய்க்கும் பொதுவான உபாதையொன்று உண்டு. சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சூழ்ந்துள்ள முன்னிற்குஞ் சுரப்பி பருத்துப் போதலே அது. மனிதனில் அது சிறுநீரின் வழியைத் தடுக்கும். நாயிலோ பெரும்பாலும் மலக்குடலை நெருக்கும். விதைகளை அகற்றுவதால் இச்சுரப்பி சுருங்கும் என்னும் உண்மை நாயிலிருந்து மனிதனுக்குச் சென்ற கதையே இங்கு கூறப்படுகின்றது.

விதையகற்றப்பட்ட விலங்குகளில் இச்சுரப்பி சிறுத்திருத்தலை ஜோன் ஹன்ரர் 1786ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். எருதுக்கு நலமடித்த நம் முன்னோரும் அச்சத்திரசிகிச்சையை அறிந்தவர்களே. ஆயின் அவர்களுக்கு வேண்டியிருந்தது வண்டிக்கு அடங்கிய மாடு, சுரப்பியன்று.

1893இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் வைற் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், நாய்களில் விதைகளை அகற்றிச் சுரப்பி சுருங்குவதைக் கண்டு, அம்முறையை முதியோருக்கும் பரிந்துரைத்தார். ஈராண்டுகளின் பின் 111 நோயாளரின் விவரங்களை வெளியிட்டார். பெரும்பாலோரில் சுரப்பி சுருங்கியதெனினும் இறந்தோர் தொகையும் சிறிதன்று. சுரப்பியையே வெட்டியெடுக்கும் முறைகள் வளர்ந்ததும் இச்சிகிச்சை கைவிடப்பட்டது. ஓர் உண்மை இவ்வாறு நாற்பதாண்டுகளுக்கு மேல் உறங்கிற்று.

அதனை மீண்டும் எழுப்பியவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் ஹகின்ஸ். அவர் புற்றுநோயைத் தேடிப் புறப்பட்டவரல்லர். முன்னிற்குஞ் சுரப்பியின் சுரப்பை அளந்தறிவதே அவர் நோக்கம். சுரப்புச் சிறுநீருடன் கலவாது வேறாகச் சேர, நாயில் ஒரு சத்திரசிகிச்சை முறையை வகுத்தார். முதிய நாய்கள் சிலவற்றின் சுரப்பியில் கட்டிகள் காணப்பட்டன. அளவீட்டைக் கெடுத்த அக்கட்டிகள் முதலில் அவருக்கு எரிச்சலையே ஊட்டின. பின்னரோ அத்தகைய நாய்களையே அவர் தேடலானார்! விதைகளை அகற்றியபோதும் ஈஸ்திரசன் ஓமோனை ஏற்றியபோதும் பருத்த சுரப்பிகள் சுருங்கியமையை 1940இல் வெளியிட்டார்.

இதன் முக்கியத்துவத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். புற்றுநோய்க் கலம் எவருக்கும் கட்டுப்படாது தன்னிச்சையாகப் பெருகுவது என்பதே அக்காலத்தில் நிலவிய கருத்து. அதுவும் ஓமோனை நம்பி வாழக்கூடுமெனின், ஓமோனை நிறுத்தி அதனை ஒடுக்கலாமன்றோ? 1941இல் ஹகின்ஸ், கிளரன்ஸ் ஹொட்ஜஸ் என்பாருடன் இணைந்து, என்புகளுக்குப் பரவிய முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயுடையோரில் இதனைச் சோதித்தார். விதையகற்றியபின் குருதியில் மிகுந்திருந்த அமிலப் பொஸ்பற்றேசு என்னும் நொதியம் குறைந்தது. படுக்கையிற் கிடந்தோர் பலரின் வலியும் தணிந்தது. 1966இல் நோபல் பரிசின் ஒரு பாதி அவருக்குக் கிடைத்தது.

நாய்க்குக் கிடைத்தது யாது? சுரப்பி வெறுமனே பருத்த நாய்க்கு விதையகற்றலே இன்றும் முதன்மைச் சிகிச்சை. சில வாரங்களிற் சுரப்பி சுருங்கிவிடும். ஆனால் நாய்க்கு உண்மையான புற்றுநோய் அச்சுரப்பியில் தோன்றின், அது பெரும்பாலும் ஓமோனைச் சார்ந்திருப்பதில்லை. விதையகற்றிய நாய்களிலும் தோன்றுகின்றது. அந்நாய்களில் அது கூடுதலாகக் காணப்படுவதாகவும் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஹகின்ஸ் கண்ட நாய்க்கட்டிகள் பெரிதும் தீங்கற்ற பருமனே. அவற்றிலிருந்து மனிதப் புற்றுநோய்க்கு அவர் தாவிய தாவல் தர்க்கத்தில் துணிவு மிக்கது. பலித்தது மனிதனின் நற்பேறு என்பேன். ஹகின்ஸ் 1997இல் காலமானார். நாயின் அப்புற்றுநோய்க்கோ விதையகற்றல் இன்னும் மருந்தாகவில்லை.