உல்கு, சுங்கம், மகமை

காட்பாடியிலிருந்து ஆம்பூர் போகிறவர்கள் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை அறிவார்கள். ஆம்பூர்க் காலணிகளை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகம் போகும் லாரிகள் அங்கே காசு கட்டித்தான் கடக்கின்றன. அந்தச் 'சுங்கச்சாவடி' என்னும் பெயரைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

பின்னுறுப்பான 'சாவடி', வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்துக்கும் ஊரார் கூடும் பொதுவிடத்துக்கும் வழங்கிய பெயர். களைத்தவரை உட்காரவைத்த அச்சொல், சோதனைச்சாவடியிலும் சுங்கச்சாவடியிலும் போகிறவரை நிறுத்திவைக்கும் பொருளுக்கு மாறிவிட்டது.

முன்னுறுப்பான 'சுங்கம்', வடமொழியின் 'சுல்க'த்திலிருந்து பாகதத்தின் 'சுங்க' வழியே நம்மிடம் வந்தது. அதற்கும் முன்பே இங்கே வழங்கியது 'உல்கு'. சிரவணம் சகரம் இழந்து ஓணமானதுபோல, அதே 'சுல்கம்' முதலெழுத்து உதிர்ந்து 'உல்கு' ஆயிற்று என்பர் அறிஞர் பலர். தனித்தமிழ் வேரே என்பாரும் உண்டு. குறளில் வள்ளுவர் ஆண்ட 'உல்கு' என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் 'சுங்கம்' என்று உரை கூற நேர்ந்ததிலிருந்தே, பழஞ்சொல் மங்கிப் புதுச்சொல் வேரூன்றியது விளங்கும். முதற்குலோத்துங்கனை (1070–1122) 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே நாடு போற்றியது.

நம் தொண்டை நாட்டுக்குரிய பெரும்பாணாற்றுப்படை, கழுதைகளின் மேல் மிளகுப்பொதி ஏற்றிச் செல்லும் வணிகச் சாத்துகளைக் காட்டுகிறது. அவர்கள் போகும் பெருவழி உல்கு வாங்கும் வழி. அதன் 'கவலை'களை, அதாவது கவர்த்துப் பிரியும் இடங்களை, வில்லேந்தியவர் காத்து நிற்கின்றனர். உல்கும் காவலும் அங்கே சேர்ந்தே வருகின்றன. காவாமல் பறிப்பதற்குத் தமிழில் வேறு சொல் இருந்தது: ஆறலைத்தல். 'ஆறு' என்றால் வழி. வழியில் வருவோரை அலைத்துப் பறிப்பவர் ஆறலைகள்வர்.

உல்கு வாங்கிக் காவல் தருவது அரசின் வேலை என்றால், அந்த அரசே இல்லாவிட்டால் சாலையைத் தனியார் போட்டுக் காத்து நடத்த முடியுமா என்று உலகெங்கும் வாதிடுகிறார்கள். அதை ஆராய நம்மிடம் 'மகமை' என்ற சொல் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அரசின் காவல் போதாத இராமநாதபுரச் சீமை வழிகளில் வண்டியோட்டிய நாடார் வணிகர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்து, வண்டிக்கும் சரக்குக்கும் காவல் தந்தனர். அங்கே வரும் சரக்கின்மேல் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட பங்கே மகமை. அவர்களின் ஊர்ச் சமூக அமைப்பான உறவின்முறை அதைத் திரட்டிப் பொதுச்செலவுக்கு ஆக்கியது. ஆனால் மகமை காத்தது பேட்டைகளையே. ஊருக்கு ஊர் நீளும் வழி முழுவதற்கும் அது எட்டவில்லை. தம்மவர் வட்டத்துக்குள் இசைவால் நடப்பது, முகமறியாதவரும் போகும் பெருவழியில் தானே நடந்துவிடாது.

ஆகவே என் முடிபு இது: தனியார் சாலை நடக்கும், ஆனால் வாங்கும் காசுக்குக் காவல் பொறுப்பையும் சேர்த்து ஏற்று, கொடுப்பவருக்குக் கணக்கும் காட்டினால்தான் நடக்கும். பொறுப்பேற்று வாங்கினால் உல்கு, இசைந்து கொடுத்தால் மகமை, இரண்டும் இல்லையென்றால் ஆறலைத்தல். வாங்குபவர் அரசானாலும் நிறுவனமானாலும் இந்த அளவுகோல் ஒன்றே.